இருபது மணித்துளி

எங்கள் வீட்டில் எதற்குப் பெயர் வைப்பதாக இருந்தாலும் என்னைக் கேட்பதில்லை. பேரன் பேத்திகள் ஐந்து பேர். ஐந்து பெயரிலும் என் பங்கு ஓர் எழுத்துகூடக் கிடையாது. மருமகன் ஒரு நாய்க்குட்டி வாங்கிவந்து என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "நீங்க பேப்பரப் படிங்க" என்று சொல்லிவிட்டாள். நானும் படித்தேன். இதில் எனக்கு வருத்தம் உண்டா என்றால் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் உண்டா என்றால் அதுவும் உண்டு.

போன மாதம் மூத்த மகளின் பையன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவன். புரோகிராம் எழுதுகிறவர்கள் எடுத்துப் பயன்படுத்த ஒரு லைப்ரரியைத் தமிழிலேயே செய்கிறார்களாம் அவனும் அவன் நண்பர்களும். (லைப்ரரி என்றதும் அலமாரி எத்தனை என்று கேட்டேன். அவன் பெருமூச்சு விட்டுவிட்டு மேலே பேசினான்.) அதில் மணிக்கு, நிமிடத்துக்கு, நொடிக்கு எல்லாம் பெயர் வைக்க வேண்டுமாம். நிமிடத்துக்கும் மாதத்துக்கும் ஒருவன் இங்கிலீஷில் ஒரே எழுத்தைப் போட்டு ஏகக் குழப்பமாகிவிட்டதாம். "நிமிசத்துக்குச் சுத்தமான தமிழ்ல நல்ல வார்த்தையாச் சொல்லுங்க அப்புச்சி" என்றான். நான் தொண்டையைச் செருமினேன். பக்கத்தில் இருந்த என் மனைவி போனைப் பிடுங்கி, "கண்ணு, நீ ஊருல யாரை வேணாலும் கேளு. நேரத்துக்குப் பேரு மட்டும் அப்புச்சிகிட்டக் கேக்காத" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்கப் போய்விட்டாள்.

காரணம் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. திருப்பூரில் நொய்யலுக்கு அந்தப்பக்கம் இருந்த ஒரு பனியன் கம்பெனியில் கடிதம் எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். நிட்டிங், சலவை, கட்டிங், தையல் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் நடந்தன. முதலாளி நாச்சிமுத்து என் அப்பாவுக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தைத் தவிர வேறு தகுதி எதுவும் எனக்கு இல்லை. பி.யூ.சி.யில் கணக்கில் இரண்டு தடவை தோற்றிருந்தேன். ஆனால் தமிழில் நல்ல மார்க். அந்த மார்க் என் தலைக்குள் ஏறி உட்கார்ந்து வேறு எதையும் உள்ளே விடவில்லை.

வீட்டில் வைத்த பெயர் சுந்தரம். அது வடமொழி என்று யாரோ சொன்ன நாளிலிருந்து நான் எழிலன். (காதும் மூக்கும் அந்தப் பெயரோடு ஒத்துழைக்கவில்லை. முடிந்த வரை கண்ணாடியைத் தவிர்த்தேன்.) அம்மா கடைசி வரை சுந்தரம் என்றுதான் கூப்பிட்டாள். அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று சபதம் போட்டிருந்தேன். சோற்றைப் போட்டுவிட்டுக் கூப்பிடும்போது மட்டும் விதிவிலக்கு.

அந்த வருடம் பம்பாயிலிருந்து வெளுப்பதற்குப் புது மருந்து வந்தது. அதுவரை எங்கள் சலவைப் பட்டறையில் பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரில் துணியை ஊறவைத்துத்தான் வெளுத்தார்கள். புது மருந்து காரமானது, வேலை சீக்கிரம் முடியும் என்றார்கள். அதோடு ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தது. முதலாளி அதை என்னிடம் கொடுத்து, "தம்பி, இதத் தமிழ்ல எழுதிப் பட்டறையில மாட்டிரு. அவனுகளுக்குப் புரியோணும், அவ்வளவுதான்" என்றார்.

தாளில் இருந்தது மூன்றே விஷயம். துணியை மருந்து நீரில் இருபது நிமிடம் ஊறவைக்க வேண்டும். பிறகு ஆசிட் கலந்த தண்ணீரில் பத்து நிமிடம். பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். விவரம் தெரிந்தவன் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் எழுதிக் கொடுத்திருப்பான். நான் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன்.

நிமிஷம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அது வடமொழி. நிமிடம் என்று மாற்றினாலும் வேஷம் போட்ட வடமொழிதானே என்று தோன்றியது. ஒரு நோட்டு வாங்கி, காலத்தின் அளவுகளுக்கெல்லாம் பெயர் எழுத ஆரம்பித்தேன். நொடி என்பதில் சிக்கலில்லை. விரலை நொடிக்கும் நேரம். ஆனாலும் சரிபார்த்துவிட வேண்டும் என்று, ஆபீஸ் டைம்பீஸை எதிரில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று விரலை நொடித்துக்கொண்டே இருந்தேன். தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று கட்டிங் மாஸ்டர் இரண்டு தடவை வந்துவிட்டுப் போனார். கம்பெனி நாய் வந்து காலடியில் உட்கார்ந்துகொண்டது. நிமிஷத்துக்கு மணித்துளி என்று முடிவு செய்தேன். மணியிலிருந்து சொட்டிய ஒரு துளி. இதைவிட அழகான சொல் தமிழில் உண்டா என்று எனக்கே புல்லரித்தது. வீட்டில் அம்மாவிடம் சோதித்துப் பார்த்தேன். பத்து மணித்துளியில் சோறு வேண்டும் என்றேன். "எதுல துளி?" என்றாள். அதை ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். எடுத்துக்கொள்ளவில்லை.

முதலாளி என் தாளைப் படித்துப் பார்த்தார். "நிமிசம்னே போட்டுட்டா என்ன தம்பி? எல்லாருக்கும் தெரிஞ்சதாச்சே" என்றார். நான் அவருக்கு ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். ஐந்து நிமிஷம் இருக்கும். (ஐந்து மணித்துளி.) அவருக்கு மெட்ராஸில் ஒரு கடைக்கு டிரங்க்கால் போட வேண்டியிருந்தது. "சரி, உன் இஷ்டம்" என்று எழுந்துவிட்டார்.

நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: "வெளுப்பு நீர், 20 மணித்துளி. அமில நீர், 10 மணித்துளி. நன்னீர் அலசல்." சுருக்கமாக, வினைச்சொல்கூட இல்லாமல். கீழே, "தமிழாக்கம்: எழிலன்."

போர்டு எழுத ரங்கன் என்று ஒருவர் வந்தார். கடை போர்டுகள் எழுதுகிறவர். கம்பெனியில் கிடந்த ஒரு பழைய பலகைக்குக் கறுப்பு அடித்து, அதில் வெள்ளையில் எழுதுவதாக ஏற்பாடு. நான் அவரிடம் ஒரே ஒரு கோரிக்கை வைத்தேன். கடைசி வரி, அதாவது என் பெயர், பெரிய எழுத்தில் வர வேண்டும். எட்ட நின்றாலும் தெரிய வேண்டும். அப்படியானால் மற்ற வரிகளுக்கு இடம் போதாதே என்றார். அதை எப்படியாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பார்த்துக்கொண்டார். போர்டு எழுதி முடித்த அன்று நான் போய்ப் பார்த்தேன். எட்ட நின்றுதான் பார்த்தேன். என் பெயர் நன்றாகத் தெரிந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

சலவைப் பட்டறையைப் பார்த்துக்கொண்டவர் சென்னியப்பன். நாற்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். பவுடர் தண்ணீரிலேயே வருஷக்கணக்காக நின்று விரல் நுனிகளில் ரேகையே இருக்காது. சம்பள ரிஜிஸ்டரில் பெருவிரல் வைத்தால் வெறும் மை வட்டம்தான் விழும். அதனால் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு, அப்படியே எழுத்துக் கூட்டிப் படிக்கவும் கற்றுக்கொண்டவர். துணி வெளுத்துவிட்டதா என்பதை ஈரத்துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். ஆனால் இது புது மருந்து. போர்டில் இருக்கிறபடி மட்டும்தான் செய்ய வேண்டும், தன் இஷ்டத்துக்கு எதுவும் செய்யக் கூடாது என்று முதலாளி அவரிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

தீபாவளிக்காக மெட்ராஸ் கடை ஒன்றின் ஆர்டர் நடந்துகொண்டிருந்தது. மூன்று நாள் நிட்டிங் மிஷின்கள் ஓய்வில்லாமல் ஓடி எடுத்த துணி மொத்தமும் சலவைக்கு வந்திருந்தது.

அன்று மதியம் நான் மேஜையில் குனிந்து ஒரு கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். (காலத்தைப் பற்றித்தான். வேறு எதைப் பற்றி?) ஜன்னலுக்கு வெளியே சென்னியப்பன் வந்து நின்றார். நிழல் தாளின்மேல் விழுந்ததால் தெரிந்தது. நான் நிமிரவில்லை.

"தம்பி, போர்டுல இருபதுன்னு போட்டிருக்குதுங்க. அத்தனையுமா வெக்கோணுங்க?"

"எழுதினது எழுதினபடிதான்" என்றேன்.

அவர் போகவில்லை. "இல்லீங்க, ரொம்ப அதிகமாத் தெரியுதுங்களே. ஒருக்கா வந்து பாத்தீங்கன்னா…"

ஒரு வரி அப்போதுதான் பிடிபட்டு வந்துகொண்டிருந்தது. அது போய்விடுமே என்ற எரிச்சலில், "ஒரு துளிகூடக் குறையக்கூடாதுங்க" என்றேன். "சரிங்க" என்றார். நிழல் தாளைவிட்டு நகர்ந்தது. அந்த வரியும் பிறகு வரவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பட்டறைப் பக்கம் ஒரே பேச்சுக் குரலாக இருந்தது. நிட்டிங்கில் இருந்தவர்கள் அங்கே ஓடினார்கள். நானும் போனேன். தொட்டியிலிருந்து துணியைக் கொக்கி போட்டுத் தூக்க முயன்றுகொண்டிருந்தார்கள். கொக்கி மட்டும் மேலே வந்தது. அதன் நுனியில் ஒரு பிடி வெள்ளைக் கூழ் தொங்கியது. சென்னியப்பன் கையை உள்ளே விட்டு ஒரு சுருளை எடுத்தார். அது தண்ணீரில் நனைந்த அப்பளம் போலப் பிரிந்து அவர் கையிலிருந்து விழுந்தது. வெளுப்பு மட்டும் பிரமாதமாக இருந்தது. அவ்வளவு வெள்ளையான துணியை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அதைத் துணி என்று சொல்லலாமா என்பதுதான் கேள்வி.

முதலாளி எங்கள் இருவரையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. எவ்வளவு நேரம் ஊறியது என்று சென்னியப்பனைக் கேட்டார். நேற்று ரெண்டு மணிக்குப் போட்டது, இன்று பத்து மணிக்கு எடுத்தது, போர்டில் இருபது மணி என்றுதான் இருந்தது என்றார் அவர். முதலாளி ஃபைலிலிருந்து என் தாளை எடுத்துப் பார்த்தார். மணித்துளி என்று முத்து முத்தாக எழுதியிருந்தது.

"இத்தன வருசம் தொட்டியில நின்னவன். இருபது மணி நேரம் ஊறினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

"இருபது மணின்னு போட்டிருக்கவும், புது மருந்து சாதுவானதாக்கும்னு நெனச்சேனுங்க. இருந்தாலும் மனசு கேக்காம தம்பிகிட்ட வந்து கேட்டேனுங்க. ஒரு துளிகூடக் குறையக்கூடாதுன்னு சொன்னாருங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். "உங்கிட்டக் கேட்டானா?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் யோசித்தேன் என்றாவது எழுத ஆசைதான். யோசிக்கவில்லை. "என்கிட்ட யாரும் கேக்கலீங்க" என்று வாயில் வந்துவிட்டது. ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததைப் படிக்கிற மாதிரி அவ்வளவு தெளிவாக வந்தது.

சென்னியப்பன் என் முகத்தைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நான் திருத்திச் சொல்வேன் என்று அவர் கொஞ்ச நேரம் நின்றார் என்று இப்போது நினைக்கிறேன். பிறகு, "சரிங்க" என்றார். நேற்று ஜன்னலில் சொன்ன அதே சரிங்க. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார். முதலாளி அவரை நில் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அன்று மாலை அவர் வேலைக்கு இல்லை. மறுநாளும் வரவில்லை.

துணி கூழான அன்று எல்லோரும் போனபிறகு தனியாகப் போய் போர்டைப் பார்த்தேன். முதல் தடவையாகக் கிட்ட நின்று பார்த்தேன்.

வெளுப்பு நீர் 20 மணி
துளி அமில நீர் 10 மணி
துளி நன்னீர் அலசல்
தமிழாக்கம்: எழிலன்

ரங்கனைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். என் பெயருக்குப் பாதிப் பலகை போய்விட்டதால் வரியை உடைக்க வேண்டியதாயிற்று என்றார். அப்படியே உடைத்திருந்தாலும் மணித் என்று இருந்திருக்குமே, அந்த த் எங்கே என்றேன். "வரிக் கடைசியில ஒத்த எழுத்துத் தொங்கிட்டு நின்னுச்சுங்க. பாக்க நல்லால்ல. எடுத்துட்டேன்" என்றார். உங்கள் பெயரில் குறை ஒன்றும் இல்லையே என்றும் கேட்டார்.

ஆக, சென்னியப்பன் சரியாகத்தான் படித்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் நம்பியிருந்தால், ஒரு துளி ஆசிட் தண்ணீரில் பத்து மணி நேரம் வைத்து, ஒரு துளி நல்ல தண்ணீரில் அலசியும் இருப்பார்.

இது தெரிந்ததும் நான் முதலாளியிடம் ஓடினேன் என்று நீங்கள் நினைத்தால், இருபத்திரண்டு வயதில் என்னை நீங்கள் பார்த்ததில்லை. நான் ஓடியது வெள்ளைப் பெயிண்ட் வாங்க. அடுத்த நாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், ஒரு ஸ்டூலில் ஏறி, இரண்டு வரியின் கடைசியிலும் நானே ஒரு த் போட்டேன். பெயிண்ட் அதிகமாகிப் போய் ஒரு த் கீழே வழிந்து எழிலனின் தலைமேல் போய் நின்றது.

அரைமணி நேரத்தில் முதலாளி புது ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். முதலாளி வீட்டுச் சொந்தம், சலவை தெரிந்தவர். போர்டைக் காட்டி விளக்கிக்கொண்டே விரலை வைத்த முதலாளி நிறுத்தினார். விரலைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. பிறகு வாசலில் நின்ற என் கையைப் பார்த்தார். அதுவும் வெள்ளையாக இருந்தது.

ஆபீஸில் எல்லாவற்றையும் சொன்னேன். போர்டு, என் பெயர், கவிதை, ஜன்னல், கேட்கவில்லை என்று சொன்னது, எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அடித்தால்கூட நன்றாக இருக்கும் என்றிருந்தது. கடைசியில், "அவன் மாமனார் ஊருக்கு, மடத்துக்குளத்துக்குப் போயிட்டானாம். போய்ச் சொல்லிட்டு வா" என்றார். நான் எழுந்து கதவருகே போனபோது, "இங்க வேலை இல்லைன்னும் நீயே சொல்லிரு. வேற ஆளு வந்தாச்சு" என்றார். அதைச் சொன்னபோது அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

உடுமலைப்பேட்டை வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். வழியெல்லாம் பேச வேண்டியதை மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்தேன். சுத்தமான தமிழில் மன்னிப்பு என்ற சொல்லே இல்லையோ என்று ஒரு சந்தேகம் வேறு வந்தது. (அந்த நிலைமையிலும்.)

சென்னியப்பன் மைத்துனர் வீட்டுக் களத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். தரையில் நட்ட கடப்பாரையில் தேங்காயைக் குத்தித் திருகும் வேலை. பவுடர் தண்ணீரில் தேய்ந்த விரல் நுனிகளில் மட்டை நார் கீறி, துணி சுற்றியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க தம்பி. சாப்டீங்களா?" என்றார். கொங்கு நாட்டு மரியாதை சில சமயம் அடியைவிட மோசமானது.

நான் சொன்னேன். பஸ்ஸில் எழுதியது எதுவும் வாயில் வரவில்லை. போர்டு தப்பாக இருந்தது, தப்பு என்னுடையது, முதலாளியிடம் சொல்லிவிட்டேன் என்றேன். அப்படியானால் வேலைக்கு வரச் சொன்னாரா என்று கேட்டார். இல்லை, வேறு ஆள் போட்டாயிற்று என்றேன். அவர் இன்னொரு தேங்காயை எடுத்துக் கடப்பாரையில் குத்தினார்.

அவர் மனைவி பொன்னாத்தா உள்ளேயிருந்து வந்தார். ஐந்தாவது வரை படித்தவர். விஷயம் முழுவதும் அவருக்குத் தெரிந்திருந்தது. "ஏனுங்க தம்பி, எல்லாரும் நிமிசம் நிமிசம்னுதானுங்க சொல்றோம். அதுக்கு ஏனுங்க நீங்க புதுசாப் பேரு வெக்கப் போனீங்க?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

பெருமாநல்லூரில் ஒரு கம்பெனியில் சலவைக்கு ஆள் தேடுகிறார்களாம். ஆனால் மெட்ராஸ் ஆர்டரைக் கூழாக்கிய ஆள் என்று அங்கே அதற்குள் பேச்சுப் போயிருந்தது. நடந்தது என்ன என்று நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் அதைக் காட்டி வேலை கேட்கலாம் என்றார் சென்னியப்பன். கடிதம் எழுதுவதுதானே என் உத்தியோகம்? உற்சாகமாகவே உட்கார்ந்தேன். எழுதி முடித்ததும் பொன்னாத்தா வாங்கி எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

"மேற்கண்ட நிகழ்வில்… வழு… வழு ஏற்பட்ட…" என்று நிறுத்தி, "வழுக்கி விழுந்துட்டாருன்னு எழுதியிருக்கறீங்களா?" என்றார். வழு என்றால் தப்பு என்றேன். "அப்பத் தப்புன்னே எழுதுங்க சாமி. இன்னும் ஒரு போர்டு வேண்டாம்."

இரண்டாவது தாளில், "தவறு நேர்ந்துவிட்டது" என்று எழுதினேன். பொன்னாத்தா படித்தார். சென்னியப்பன் தேங்காயைவிட்டு நிமிராமலே கேட்டார்.

"யாருகிட்டங்க நேர்ந்துச்சு?"

அந்தத் தாளையும் கிழித்தேன். மூன்றாவது தாளில் பள்ளிப் பையன் எழுதுவது போல எழுதினேன். நான் போர்டு எழுதக் கொடுத்தேன். நான் அதைச் சரிபார்க்கவில்லை. சென்னியப்பன் என்னிடம் வந்து கேட்டார். நான் நிமிர்ந்து பார்க்காமல் பதில் சொன்னேன். பிறகு முதலாளி கேட்டபோது, அவர் என்னிடம் கேட்கவே இல்லை என்று பொய் சொன்னேன். தப்பு முழுவதும் என்னுடையது. என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் எழுதியது அது ஒன்றுதான். கீழே எழிலன் என்று போடப் போய், சுந்தரம் என்று கையெழுத்துப் போட்டேன்.

பொன்னாத்தா படித்து முடித்தார். திரும்பவும் ஒரு முறை படித்தார். பிறகு ஒரு இடத்தில் விரலை வைத்து, "இந்த ரெண்டு வரிய எடுத்துருங்க" என்றார். சென்னியப்பன் வந்து கேட்டதும், கேட்கவில்லை என்று நான் பொய் சொன்னதும் இருந்த இடம் அது. ஏன் என்றேன்.

"பொய் சொன்னேன்னு நீங்களே எழுதிக் குடுத்தா, பொய் சொல்றவன் குடுத்த லெட்டரை யாருங்க நம்புவாங்க? கேட்டாருன்னு போட்டா, கேட்டும் ஏன் இப்படி ஆச்சுன்னு அடுத்தது கேப்பாங்க. போர்டு தப்புங்கறது மட்டும் போதுமுங்க."

நான் சென்னியப்பனைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தார். பிறகு, "அவ சொல்றதும் சரிதானுங்க. வேலை வேணுமில்லீங்க" என்றார். குரலில் ஒரு வேறுபாடும் இல்லை. "போர்டு தப்பா எழுதறது யாருக்கும் வர்றதுதானுங்க. நான் வந்து நின்னப்ப நீங்க ஒருக்கா நிமிர்ந்து பாத்திருக்கலாமுங்க."

நான்காவது தாளில் அந்த இரண்டு வரியும் இல்லை.

அந்தக் கடிதத்தை வைத்து அவருக்குப் பெருமாநல்லூரில் வேலை கிடைத்தது. பழைய சம்பளம் இல்லை, கொஞ்சம் குறைவு. திருப்பூரிலிருந்து தினம் பஸ்ஸில் போய்வந்தார் என்று கேள்விப்பட்டேன். எங்கள் கம்பெனிக்குத் தீபாவளி ஆர்டர் கைவிட்டுப் போனது. தையலில் இருந்தவர்கள் இரண்டு வாரம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார்கள். பண்டிகைக்கு முந்தைய இரண்டு வாரம். அவர்களில் யாரும் என்னைத் திட்டவில்லை. நான் அந்தப் பக்கம் போனால் பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். பொங்கலுக்குள் நானே வேலையை விட்டுவிட்டேன்.

கடிதம் பெருமாநல்லூரில் பலர் கைக்கு மாறியிருக்க வேண்டும். போர்டு கதை மட்டும் ஊர் முழுக்கப் பரவியது. எழிலன் என்ற பெயரை எனக்கு யாரும் சூட்டவில்லை. மணித்துளி என்ற பெயரை எல்லோருமாகச் சேர்ந்து சூட்டினார்கள். அடுத்த இரண்டு வேலைக்கும் நான் போய் நின்றபோது, "மணித்துளிங்களா? வாங்க, உக்காருங்க" என்றார்கள். அவிநாசிக்குப் பெண் பார்க்கப் போனபோது மாமனார் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் போர்டு எழுதினது நீங்கள்தானா என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கமுடியாமல் இருமியது கேட்டது. அந்த இருமல்தான் இன்று வரை என் வீட்டில் இருக்கிறது.

சென்னியப்பனைப் பிறகு ஒரே ஒரு முறை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. சௌக்கியமா என்றார். சௌக்கியம் என்றேன். அதற்குள் அவர் பஸ் வந்துவிட்டது. அவர் இறந்த செய்தி எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

எங்கள் குடும்பத்தில் "இருபது மணித்துளி" என்றால் நாளைக்கு என்று அர்த்தம். மகன் கடைக்குப் போய்த் தாமதித்தால், இருபது மணித்துளியில் வந்துவிடுவான் என்பாள் என் மனைவி. சொந்தக்காரர்கள் கூடினால் கதையை அவள்தான் சொல்வாள். ரங்கன் பேசியதைச் சொல்லும்போது அவர் மாதிரியே தலையைச் சாய்த்துக்கொள்வாள். நான் விரலை நொடித்ததை என் மகள் நடித்துக் காட்டுவாள், நாயோடு சேர்த்து. துணி கூழாக வரும் இடத்தில் எல்லோரும் சிரித்து முடிப்பார்கள். கதையும் அங்கே முடிந்துவிடும். சென்னியப்பன் ஜன்னலில் வந்து கேட்டதையோ, கூழுக்குப் பிறகு நடந்ததையோ நான் வீட்டில் சொன்னதில்லை.

இந்தப் பொங்கலுக்கும் சொன்னாள். வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் மருமகள் முதல் தடவையாகக் கேட்டாள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங்க மாமா, அத்தன வருசம் சலவை பாத்தவரு. இருபது மணி நேரம்னு எழுதியிருக்குதேன்னு உங்ககிட்ட வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்க?" என்றாள்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் இதை யாரும் கேட்டதில்லை. நான் சொல்லியிருக்கலாம். சென்னியப்பனும் இல்லை, முதலாளியும் இல்லை, பறிபோவதற்கு எனக்கு எந்த வேலையும் இல்லை.

"இல்ல கண்ணு, என்கிட்ட யாரும் கேக்கல" என்றேன்.

பாவம் அந்த மனுஷன் என்றாள் மருமகள். இலை போட்டாயிற்று என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். எல்லோரும் எழுந்து சாப்பிடப் போனார்கள்.